ஒன்னும் பண்ணாது என்று சொல்லாத மனிதர்

முசே அந்துவான் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் காலமாகிவிட்டார் என்று அவர் வீட்டில் சமைக்கும் தெரேசா வந்து சொன்ன காலையில், அவருடைய நாய் எங்கள் கொல்லையில் கட்டியிருந்தது. கண் ஆபரேஷனுக்குப் போனவர். போன இடத்தில் மாரடைப்பு. தெரேசா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். ஆனால் அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது சந்தேகம். மனிதர் தெரிந்தேதான் இந்த நாயை என் தலையில் கட்டிவிட்டுப் போனாரோ?

அவரை அறிந்தவர்கள் கோபப்பட மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். பூசையெல்லாம் முடிந்து, எல்லோரும் அவரைப் பற்றிப் பேசி ஓய்ந்த பிறகு, தாமதமாக எழுதுகிறேன். எங்களுக்குள் இருந்த பழக்கமே சந்தேகத்தால் வந்ததுதான். அதை மறைத்துவிட்டு எழுதினால் அது அவரைப் பற்றியதாக இருக்காது.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஓய்வு பெற்று, பென்ஷனோடும் ஒரு கோல்டன் ரெட்ரீவர் குட்டியோடும் ஊர் திரும்பியவர் அவர். ஐயாவை முசே என்றும் அம்மாவை மதாம் என்றும் சொல்லும் பிரெஞ்சு வழக்கமும் அவரோடு வந்தது. காரைக்காலில் அப்படி ஒரு நாயை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. மியேல் என்று பெயர். பிரெஞ்சில் தேன் என்று அர்த்தமாம். தெருவுக்கு அது மேலு. எழுபதுகளின் கடைசியில் நான் கல்யாணமாகிப் பக்கத்து வீட்டுக்கு வந்தபோது அது வளர்ந்து, வாசலை அடைத்துக்கொண்டு படுத்திருந்தது. அந்தப் பொன்னிற முடி சுவர் தாண்டிப் பறந்து வந்து எங்கள் ரசத்தில் மிதக்கும்.

எனக்கு நாய் என்றால் பயம். கல்லூரியில் விலங்கியல் படித்ததால் அந்தப் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. வெறிநோய் உடம்புக்குள் எத்தனை காலம் பதுங்கியிருக்கும் என்று படித்துப் பரீட்சை எழுதியவள் நான். மகள் நித்யா பிறந்து தவழ ஆரம்பித்ததும் தெருவே எனக்கு ஆறுதல் சொன்னது. "ஒன்னும் பண்ணாதுங்க அக்கா, அது பசு மாதிரி." என் கணவரும் அதையே சொன்னார். முசே மட்டும் சொல்லவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் அவர் வீட்டுக்குப் போனால், நாற்காலியை இழுத்து நாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்துகொள்வார். பேச்சு எங்கே போனாலும் அந்த இடத்தை விட்டு அவர் நகர மாட்டார்.

ஓர் ஆண்டு மாங்கனித் திருவிழாவில் நான் பயந்தது நடந்தது. சுவாமி பவழக்கால் விமானத்தில் வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள் அல்லவா? வாசலில் நின்ற நித்யாவின் காலடியில் ஒரு பழம் உருண்டு வந்தது. அவள் எடுத்தாள். சங்கிலியை உருவிக்கொண்டு வந்த மேலு, பழத்தோடு சேர்த்து அவள் கையையும் வாயில் கவ்விக்கொண்டது.

நான் போட்ட சத்தத்தில் மேளக்காரர்களே திரும்பிப் பார்த்தார்கள். நாய் கையை விட்டது. கூட்டத்தில் வழக்கமான குரல்கள். "சாமி பழம்க்கா, ஒன்னும் பண்ணாது." எனக்குத் தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசிதான் கண்முன் நின்றது. முசே நித்யாவைக் குழாயடிக்கு அழைத்துப்போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினார். விரல் விரலாக வெயிலில் பிடித்துப் பார்த்தார். பழத்தையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பல் படல. சுட்டு விழுந்த வாத்தை நசுக்காம தூக்கிட்டு வர்றதுக்குன்னே வளர்த்த ஜாதி இது. இதுக்கு வெறிநோய் ஊசியும் போட்டிருக்கேன். ஆனா நான் சொல்றதை நம்பாதீங்க மதாம். நீங்களே பாருங்க."

நானும் பார்த்தேன். பல் படவில்லை. ஆனாலும் அன்று மாலையே அவர் மேலுவைக் கொண்டுவந்து, என் சமையலறை ஜன்னலுக்கு நேரே தம் கொல்லை வேப்பமரத்தில் கட்டினார். "வெறி இருந்தா நாயே காட்டிக் குடுத்துடும். உங்க கண்ணு முன்னாடியே இருக்கட்டும்."

என் கணவர் சிரித்தார். "அந்த நாய்க்கு ஜெயில், நீ வார்டரா?"

ஆமாம், வார்டர்தான். தண்ணீர் குடிக்கிறதா, வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்குகிறதா, வாயில் நுரை இருக்கிறதா என்று அடுப்பில் பால் பொங்குவதைக்கூடக் கவனிக்காமல் பார்த்தேன். வெறி ஒன்றும் தெரியவில்லை. ஒருநாள் வேறொன்று தெரிந்தது.

"முசே, உங்க நாய் காலையிலேர்ந்து தலையை ஒரு பக்கமாவே சாய்ச்சுக்கிட்டு எம்பொண்ணையே பாக்குது. எனக்கு சரியாப் படல."

அவர் வந்து அதன் தொங்கும் காதைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே உண்ணி ஒட்டி, புண்ணாகிச் சீழ் கோத்திருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தினம் இந்தத் தலையைத் தடவிக் குடுக்கறேன். எனக்குத் தெரியல பாருங்க." காதை விடாமலே சொன்னார். "நம்புறவன் பாக்க மாட்டான் மதாம். நம்பாதவங்கதான் பாப்பாங்க."

கிண்டல் செய்கிறாரோ என்று அன்று அதையும் சந்தேகப்பட்டேன். ஆனால் மறுநாளிலிருந்து சுவருக்கு மேலே அவர் தலை தெரியும். "இன்னிக்கு என்ன சந்தேகம்?" நானும் சொல்வேன். தண்ணீர் அதிகமாகக் குடிக்கிறது. பின்னங்காலை எடுத்து வைப்பதில் ஏதோ இருக்கிறது. முருங்கை மரத்தடியில் எதையோ புதைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் போகிறது. அங்கே தோண்டிப் பார்த்தபோது கிடைத்தது, நித்யாவின் காணாமற்போன செருப்பு. அவர் ஒரு சந்தேகத்தையும் தள்ளியதில்லை. இறங்கிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்வார்.

புதுச்சேரிக்குப் புறப்பட்ட அன்று சங்கிலியை என் கையில் கொடுத்தார். அவருக்கு அண்ணன் வீடு இருந்தது, தெரேசா இருந்தாள். என்னிடம் ஏன் என்று கேட்டேன்.

"அவங்கல்லாம் மேலு மேல பிரியமா இருக்காங்க," என்றார்.

"எப்ப திரும்பி வருவீங்க?"

"காதைத் துடைச்சு விடுங்க. ஈரம் நிக்கக் கூடாது."

கேட்ட கேள்விக்கு அது பதிலில்லை. நெஞ்சு வலியைப் பற்றி அவருக்கு முன்பே தெரியும் என்று எனக்கு இன்றும் சந்தேகம். நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

அவர் போனபின் மேலுவைக் கேட்டுப் பலர் வந்தார்கள். சின்னக் குழந்தை இருக்கும் வீடு, நீயும் பயந்தவள், கொடுத்துவிடு என்றார் கணவர். நியாயம்தான். ஒருவருக்குக் கடை வாசலில் காட்சிக்கு வேண்டும். இன்னொருவருக்குக் குட்டி வேண்டும். வரிச்சிக்குடியிலிருந்து வந்த குடும்பம் நல்ல குடும்பம். அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்க வீட்ல பயமே கிடையாதுங்க. புள்ளைங்க அது மேல ஏறி சவாரியே போவும்." அவர்களுக்கும் இல்லையென்று சொல்லி அனுப்பினேன். காதை யார் தூக்கிப் பார்ப்பார்கள்?

போன வாரம் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி, இடுப்பில் பிள்ளையோடு வாசலிலேயே நின்றாள். மேலு எழுந்து வாலை ஆட்டியது.

"ஒன்னும் பண்ணாதுல்ல அக்கா?"

தெருவே சொல்லிப் பழகிய பதில் என் வாய்வரை வந்தது.

"தெரியாதும்மா. நீ உள்ள வா. நான் நடுவுல உக்காந்துக்கறேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். முசே அந்துவானிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த இடம்தான். காலடியில் படுத்திருக்கும் இதை நான் இன்னும் முழுதாக நம்பிவிடவில்லை.