நாற்பதாவது நிமிடத்தில் நின்ற லாரி

என் அண்ணன் சுவக்கீன் சின்னக்கானல் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டினான். காட்டிலிருந்து பச்சைக் கொழுந்தை ஏற்றி ஃபேக்டரியில் இறக்குவது வேலை. ஓர் ஆடி மழையில், சறுக்கி வந்த டிரெய்லர் அவன் இடது காலை நசுக்கியது. கால் தப்பியது, கிளட்சை மிதிக்கும் பலம் போய்விட்டது. கம்பெனி அவனைக் கொழுந்து எடை போடும் இடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தது.

அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு கம்பெனி கொடுத்த லயத்து வீட்டில் தனியாக இருந்தான். நான் தொடுபுழாவில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். மாதத்துக்கு ஒரு முறை போன் பேசுவோம். அதுவும் ஏதாவது காரியம் இருந்தால்தான். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது எஸ்டேட் டிவிஷன் ஆபீஸில் மட்டுமே போன் உண்டு. யாரிடம் பேச வேண்டும், என்ன விஷயம் என்று கிளார்க்கிடம் சொன்னால்தான் ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். விஷயம் இல்லாமல் போன் செய்யும் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் வரவில்லை.

நான் காலேஜில் வைத்திருந்த கம்ப்யூட்டர் அந்த வீட்டில்தான் கிடந்தது. அதில் ஒரு பழைய லாரி விளையாட்டு இருந்தது. ஒரு மழை ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அதைத் திறந்திருக்கிறான். அன்று சாயங்காலமே கூப்பிட்டான்.

"ஏ புள்ள, இதுல கிளட்சே கிடையாது தெரியுமா? விரலுதான்."

மூன்றாம் நாள் மறுபடி போன். துறைமுகத்தில் லோடு ஏற்றி, ஒன்றேகால் மணி நேரம் ஓட்டி, இன்னொரு ஊரில் இறக்க வேண்டும். இறக்கினால்தான் விளையாட்டு அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளும். அண்ணனுக்கு நாற்பதாவது நிமிடம் திரை உறைந்துவிடுகிறது. ஹாரன் ஒரே சத்தத்தில் இழுக்கிறது, பிறகு கறுப்பு. லோடும் போய்விடுகிறது.

"இத்தன வருசத்துல ஒரு லோடு நான் வழியில விட்டதில்ல. ஒரே ஒரு நட எறக்கிட்டா போதும். நீ இதத்தான படிச்ச? சொல்லு."

அன்றிலிருந்து தினமும் ஏழரை மணிக்குப் போன் வந்தது. நான் ஒரு வழி சொல்வேன். அவன் ஓட்டிப் பார்த்து மறுநாள் பதில் சொல்வான். பழைய விண்டோஸில் ஓடுவது போல் மாற்றச் சொன்னேன். திரையின் அளவைக் குறைக்கச் சொன்னேன். சத்தத்தை நிறுத்தச் சொன்னதற்கு, "இன்ஜின் சத்தம் இல்லாம எப்பிடி கியர் மாத்த?" என்று சண்டைக்கு வந்தான். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்ற இரண்டு நாள் ஆனது. லாரி நாற்பதாவது நிமிடத்தில்தான் நின்றது. இடையிடையே வேறு பேச்சும் வந்தது. கொழுந்து எடை கூடட்டும் என்று தராசுத் தட்டின் ஓரத்தில் காலை வைத்துப் பிடிபட்டவள், யானை பிய்த்துப் போட்ட வாழை, என் சமையல். ஐந்து வாரம் அப்படிப் பேசினோம். அதற்கு முன் ஐந்து வருடத்தில் அவ்வளவு பேசியிருக்க மாட்டோம்.

கடைசியில் கம்ப்யூட்டர் பெட்டியை ஜீப்பில் மடியில் வைத்துக்கொண்டு மூணாறுக்குப் போனான். ரிப்பேர் கடைக்கார ஜின்சன் தன் மேசையில் வைத்து இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்திருக்கிறான். நிற்கவே இல்லை. "பெட்டிக்கு ஒரு பிரஸ்னமும் இல்ல சேட்டா. உங்க லயத்துல ஈரம். நல்லா காய வைங்க" என்று அனுப்பிவிட்டான்.

மறுநாள் போனில் அண்ணன் குரல் உடைந்திருந்தது.

"இப்ப இருவது நிமிசத்துலயே நிக்கி."

"வீட்டுக்குக் கொண்டுவந்து என்னத்தண்ணே மாத்துன?"

"ஒண்ணும் மாத்தல."

"ஒண்ணுமேவா?"

"பல்பு மட்டும். நாப்பது வாட்ட எடுத்துட்டு நூறு போட்டேன்."

"எந்த பல்பு?"

"பெட்டிக்குப் போடுற பல்புதான். வேற எந்த பல்பு?"

வீடியோவில் காட்டச் சொன்னேன். துணி அலமாரியைத் திறந்தான். கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டைகள், அம்மாவின் சேலை, நடுவில் கம்ப்யூட்டர் பெட்டி. அதன் தலைக்கு மேல் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. வயர்கள் கதவிடுக்கு வழியாக மேசைக்கு வந்தன.

மழைக்காலத்தில் எங்கள் ஊரில் பத்து நாளில் சட்டையில் பூஞ்சை பூத்துவிடும். அதனால் எல்லா வீட்டு அலமாரியிலும் ஒரு பல்பு எரியும். நல்ல பொருளை அங்கேதான் வைப்போம். அவன் தன்னிடமிருந்த மிக நல்ல பொருளை அங்கே வைத்திருந்தான். பெட்டி எங்கே இருக்கிறது என்று ஐந்து வாரத்தில் நான் கேட்கவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அவனுக்கும் தோன்றவில்லை.

"அண்ணே, அது சூட்டுல வேகுது. வெளிய எடு."

"சின்னக்கானல் குளிர்ல எதுட்டி வேகும்? அடுப்புல வச்சதே வேக மாட்டேங்கு!"

நான் சிரித்தேன். அவனுக்குக் கோபம். ஆனாலும் பெட்டியை ஜன்னலோரம் எடுத்து வைத்தான். அன்று ஒன்பது மணிக்குக் கூப்பிட்டான்.

"எறக்கிட்டேன் புள்ள."

"லோடா?"

"முழுசா. ஒரு கீறல் இல்ல."

நான் போனிலேயே கை தட்டினேன்.

"அப்ப சரி," என்றான்.

"சரிண்ணே."

மறுநாள் ஏழரைக்குப் போன் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, திருத்த வேண்டிய விடைத்தாள் குவிந்து கிடந்தது. லாரி ஓடிக்கொண்டிருக்கிறது, நின்றால் கூப்பிடுவான் என்று நினைத்துக்கொண்டேன். ஜனவரியில் ஒரு தரம் கூப்பிட்டு, செபஸ்தியார் திருநாளுக்கு வருகிறாயா என்று கேட்டான். லீவு கிடைக்காது என்றேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பிப்ரவரியில், எடை போடும் இடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டான். மாரடைப்பு.

அடக்கம் முடிந்த மறுநாள் அடுத்த வீட்டுப் பாஸ்கல் அண்ணன் எனக்குப் பால் விடாத கட்டன்சாயா கொண்டுவந்தார். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்.

"தெனமும் லாரிச் சத்தம் கேக்கும்மா. திடீர்னு நிறுத்திட்டு இங்க வந்து உக்காந்துருவான். மொகம் வாடியிருக்கேன்னு, தங்கச்சிக்கு ஒரு போனப் போடேன்டான்னேன்."

"என்ன சொன்னான்?"

"என்ன சொல்லிப் போட, வண்டிதான் நிக்கவே மாட்டேங்குதேன்னான்."

டம்ளரை என்னால் உடனே வாங்க முடியவில்லை. அவர் ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போனார்.

லயத்து வீட்டைக் கம்பெனியிடம் ஒப்படைத்தாயிற்று. நேற்று சாயங்காலம் பாஸ்கல் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"யாரு, புஷ்பமேரியா? என்னம்மா விசயம்?"

"விசயம் ஒண்ணுமில்லண்ணே."

அவர் காத்திருந்தார். பக்கத்தில் யாரோ அவரைக் கூப்பிடுவது கேட்டது. "இரு, தங்கச்சி லைன்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு, கொழுந்து இந்த வாரம் குறைவுதான் என்று அவர் ஆரம்பித்தார்.