அந்த உழக்குக் கடலை

கடலைப் பாடம் உங்களுடையது அல்ல. என்னிடமிருந்து திருடியது. பள்ளி ஆண்டு மலரில் 'நான் ஆங்கிலம் கற்பித்த முறை' என்று எழுதியிருக்கிறீர்கள், தலைமையாசிரியரே. என் பழைய மாணவி ஒருத்தி அதைக் கொண்டுவந்து காட்டினாள். இருமுறை படித்தேன். அதில் நான் இல்லை.

1940களின் தொடக்கத்தில், ஆவூரிலிருந்து அரிமளம் பக்கத்து உங்கள் பள்ளிக்குத் தற்காலிக ஆசிரியையாக வந்தேன். நிரந்தரமாக்குவது உங்கள் கையில் இருந்தது. முதல் பாரத்துப் பிள்ளைகள், அதாவது ஆறாம் வகுப்பார், எண்ணக்கூடியதற்கு மெனி, எண்ண முடியாததற்கு மச் என்று நீங்கள் சொல்லிக் கொடுத்த விதியைத் தூக்கத்தில்கூட ஒப்பிப்பார்கள். எழுதச் சொன்னால் பாலுக்கு மெனி, கடலைக்கு மச் என்று எழுதுவார்கள். நீங்கள் பிரம்பால் அடித்தீர்கள். ஏன் அப்படி எழுதுகிறார்கள் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

நான் கேட்டேன். வீட்டில் பாலை எத்தனை உழக்கு என்று எண்ணுகிறார்கள். கடலையை எவரும் எண்ணுவதில்லை, உழக்கில் அள்ளிப் போடுகிறார்கள். பிள்ளைகள் எண்ணியது பாலை அல்ல, உழக்கை. அவ்வளவுதான் விஷயம்.

மறுநாள் ஓர் உழக்கு நிறையக் கடலை கொண்டுபோனேன். தரையில் கொட்டி எண்ணச் சொன்னேன். அதே உழக்கில் தண்ணீர் மொண்டு ஊற்றி, இதையும் எண்ணுங்கள் என்றேன். சிரித்தார்கள். அப்புறம் கடலைக்கு மச் போட்டவர் யாரும் இல்லை. எண்ணும்போது ஒருத்தி எழுந்து, "டீச்சர், இவன் வாயில ரெண்டு கெடக்கு, அதையும் சேத்துக்கங்க" என்றாள்.

எண்ணி முடித்துத் தின்னக் கொடுத்தேன். கொஞ்சம் மிஞ்சியது. போதவில்லையே என்று நினைத்தால் ஃபியூ, இவ்வளவாவது இருக்கிறதே என்று நினைத்தால் எ ஃபியூ என்றேன். அதே பையன் மிச்சத்தைப் பார்த்து, "எனக்குப் பத்தல டீச்சர், ஃபியூன்னே எழுதிக்கிறேன்" என்றான்.

அப்போது நீங்கள் வாசலுக்கு வந்தீர்கள். தரையில் தோல் கிடந்தது.

"இது கிளாஸா, சந்தைக்கடையா டீச்சரம்மா?" என்று பிள்ளைகள் முன்னால் கேட்டுவிட்டுப் போனீர்கள். அந்தத் தோலை என்னையே கூட்ட வைத்தீர்கள்.

ஆனால் இன்ஸ்பெக்டர் வருவதற்கு முதல் நாள் என்னைக் கூப்பிட்டீர்கள்.

"நாளைக்கு நீங்க தையல் வகுப்புக்குப் போயிருங்க. இங்கிலீஷை நான் பாத்துக்கிறேன்."

தையல் வகுப்புக்கும் ஆங்கில வகுப்புக்கும் நடுவே ஒரு தட்டிதான். எல்லாம் கேட்டது. இன்ஸ்பெக்டர் எதை எதையோ மாற்றி மாற்றிக் கேட்டார். ஒரு பிள்ளைகூடத் தவறவில்லை. எப்படி இவ்வளவு தெளிவு என்று வியந்தார். என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி "கடலைய எண்ணிப் பாத்தோம் சார், டீச்சர்தான்..." என்று தொடங்கினாள். நீங்கள் உட்காரச் சொன்னீர்கள்.

"நம்ம முறைதான் சார் இது. ரொம்ப நாளாப் பண்ணிட்டு வாரேன்."

ஊசி என் விரலில் ஏறியது. நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். அந்தக் கோபம் என்மேலும் உண்டு.

பயந்தும் வேலை போயிற்று. ஆண்டு முடிவில் ஒரு தாள் கொடுத்தீர்கள்: 'ஆங்கிலம் கற்பிக்கும் திறன் போதாது.' அந்த இடத்துக்கு உங்கள் மைத்துனர் வந்தார். அந்தத் தாளைப் பார்த்த எந்தப் பள்ளியும் எனக்கு ஆங்கில வகுப்பு கொடுக்கவில்லை. கடைசிவரை தையல்தான் சொல்லிக் கொடுத்தேன்.

இப்போது ஆண்டு விழாவில் இந்தப் பாடத்துக்காக உங்களுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். நான் வருவேன். முன்வரிசையில் உட்காருவேன். அந்தப் பிள்ளைகளிலும் சிலர் வருகிறார்கள். அந்த உழக்குக் கடலையை இரண்டுமுறை எண்ணிக் கரும்பலகையில் எழுதினோம். எனக்கு நினைவிருக்கிறது, அவர்களுக்கும் நினைவிருக்கிறது.

எத்தனை கடலை? போர்த்திக்கொள்ளும் முன் ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். தெரியாவிட்டால், தெரியாது என்பதையும், ஏன் தெரியாது என்பதையும் அதே ஒலிபெருக்கியில் சொல்லுங்கள்.