படுக்கையிலிருந்து ஜீப் வரை

எங்கள் தொழிலில், வந்தவர் வாயால் சொல்வதற்கு முன்பே அவருடைய நடை பாதியைச் சொல்லிவிடும். உத்தமபாளையத்தில் ஒரு சிறிய பிசியோதெரபி மையத்தில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். எனக்குச் சத்தமாகப் பேச வராது. அதனால் வருகிறவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். காலையில் கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி ஏறினதுபோல் துடித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே கட்சி. எனக்கும் அது உண்டு.

முதல் கால் மணி நேரம்

பேச்சியம்மா ஆவணி மாதத் தொடக்கத்தில் வந்தார். கோம்பைக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். விடியும் முன்னே ஊர்முனையில் வந்து நிற்கும் ஜீப்பில் ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புகிறவர். வலது குதிகாலில் வலி. செங்கல்லைச் சுடவைத்து, மேலே எருக்கிலை பரப்பி மிதித்துப் பார்த்திருக்கிறார். நடக்க நடக்க வலி குறைந்துவிடுகிறது, தோட்டத்தில் நாள் முழுக்க நின்றுவிடுவேன், எழுந்ததும் வருகிற அந்தக் கால் மணி நேரம்தான் முடியவில்லை என்றார். ஜீப் வருவதோ சரியாக அந்தக் கால் மணி நேரத்தில். இரண்டு தடவை அவரை விட்டுவிட்டே போய்விட்டது. தீபாவளி வரைக்கும் பார்ப்பேன், அப்புறம் அந்த இடத்துக்கு வேறு ஆளை ஏற்றிக்கொள்வேன் என்று ஓட்டுநர் சொல்லிவிட்டாராம்.

தூங்கும்போது பாதம் தானாக முன்னால் சாய்ந்துவிடும். அடிப்பாதத்தின் நார் ராத்திரி முழுக்கச் சுருங்கிக் கிடந்து, காலையில் ஊன்றியதும் வெடுக்கென்று இழுபடும். பாதத்தை நிமிர்த்தி வைத்தபடி தூங்கினால் அந்தச் சுருக்கம் வராது. அதற்குத்தான் நைட் ஸ்பிளின்ட். கெண்டைக்காலிலிருந்து விரல்வரை தாங்கும் பிளாஸ்டிக் கூடு, உள்ளே மெத்தை, மேலே ஒட்டுப்பட்டைகள். அளவு பார்த்துக் கொடுத்து, பட்டையை எதுவரை இழுக்க வேண்டும் என்று பேனாவால் கோடும் போட்டுவிட்டேன். பேச்சியம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வலிக்கிறது விடியக்காலம், பூட்ஸு ராத்திரிக்கா? பசிக்கு முந்தியே சோத்தத் திங்கச் சொல்ற. சரி ஆத்தா, திங்கிறேன்."

வாசலில் கிடந்தது

அதே நாட்களில் இந்த ஊர்ப் பாத்திரக்கடைக்காரர் ஒருவரின் மனைவியும் ஸ்பிளின்ட் வாங்கிப்போனார். கிரானைட் தரையில் வெறுங்காலோடு நாள் முழுக்க நின்று சமைப்பவர். வீட்டுக்குள் மெத்தென்ற செருப்பு போடுங்கள் என்று எங்கள் பாடப்புத்தகம் சொல்கிறது. அடுப்படிக்கும் பூஜை அறைக்கும் நடுவில் ஒரே சுவர் இருக்கிற வீட்டில் அதை யாரிடம் போய்ச் சொல்வது? மூன்று வாரம் கழித்து வந்து, ஒரு மாற்றமும் இல்லை என்றார். மெதுவாக விசாரித்தேன். பார்க்கக் காலணி மாதிரி இருப்பதால் அதை வாசலில் செருப்புகளோடு விட்டிருக்கிறார். சாயங்காலம் அங்கேயே உட்கார்ந்து ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டு, கழற்றிவைத்து, கால் கழுவிவிட்டு உள்ளே போய்த் தூங்கியிருக்கிறார். செருப்போடு கட்டிலில் ஏற எப்படி மனசு வரும்?

இது தரையிலேயே படக்கூடாத பொருள், கை முறிந்தால் போடும் கட்டு மாதிரி இது காலுக்கு ஒரு கட்டு என்று சொன்னேன். தலையை ஆட்டினாலும் முகம் தெளியவில்லை. நன்றாகத் துடைத்து, பழைய தலையணை உறையை வெட்டி மேலே தைத்துப் பாருங்களேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். இதெல்லாம் பாடத்தில் இல்லை. அடுத்த வாரம் சிரித்துக்கொண்டே வந்தார்.

"தலகாணி உறையப் போட்டதும் எங்க மாமியாரே எடுத்துக் கட்டில்ல வச்சாக. உள்ள என்ன இருக்குன்னு இப்ப யாரு பாக்கா?"

என் கால்

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்கெல்லாம் கட்டச் சொல்கிற நான் இரண்டு ராத்திரிதான் கட்டினேன். மூன்றாம் நாள் காலையில் ஸ்பிளின்ட் அறை மூலையில் கிடந்தது. தூக்கத்திலேயே பிய்த்து எறிந்திருக்கிறேன். அதிலிருந்து, "ஏன் போடவில்லை" என்று யாரையும் கேட்பதில்லை. முதல் வாரம் இரண்டு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். நானும் அப்படித்தான் மறுபடி தொடங்கினேன். அந்த வாரம் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். அம்மா அறையை ஒழுங்குபடுத்த வந்து, அதைப் பார்த்துவிட்டுச் சொன்னது:

"காலு ஊனம்னு நெனச்சிரப் போறாக. அதத் தூக்கிப் பீரோவுக்குள்ள வையி. ஒன் வாயத் தொறந்து அவுக கேட்டதுக்குப் பதில் சொல்லு, அது போதும்."

பட்டையில் ஆறு நூல்

ஒரு மாதம் கழித்துப் பேச்சியம்மா வந்தார். அறைக்குள் வந்த நடையிலேயே தெரிந்துவிட்டது, துளியும் குறையவில்லை. ஸ்பிளின்டைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். வாங்கிப் பார்த்தேன். ஒட்டுப்பட்டையில் நான் போட்ட பேனாக் கோடு அழிந்திருந்தது. அதற்குப் பதில் ஆறு இடத்தில் ஆறு நிறத்தில் நூல் முடிச்சுகள். சிவப்பு முடிச்சு பேச்சியம்மா கால் அளவுக்குச் சரியாக இருந்தது. பச்சை இன்னும் தடித்த காலுக்கு. மஞ்சள் ரொம்ப மெலிந்த காலுக்கு.

கேட்டதும் ஒளிக்காமல் சொன்னார். ஜீப்பில் வரும் ஆறு பெண்களுக்குமே குதிகால் வலி. ஆளுக்கு ஒரு ராத்திரி என்று முறை வைத்திருக்கிறார்கள். யாருக்காவது குணம் தெரிந்தால் மற்றவர்களும் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு கணக்கு. ஆனால் காரணம் அது மட்டுமில்லை. பேச்சியம்மா நொண்டிக்கொண்டு வந்து சேரும்வரை ஜீப்பைப் பிடித்துவைப்பது அவர்கள்தான். ஒருத்தி தூக்குவாளியை மறந்துவிட்டேன் என்று திரும்பி ஓடுவாள். ராசாத்தி என்பவர் ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்துக்கொண்டு, ஏறாமல் ஓட்டுநரோடு வாயாடிக்கொண்டிருப்பாராம்.

ஆறு நாளைக்கு ஒரு ராத்திரி கட்டினால் யாருக்குமே பலனில்லை, ஒரே காலில் தொடர்ந்து ஆறு வாரமாவது இருக்க வேண்டும் என்றேன். தீபாவளிக்குச் சரியாக ஆறு வாரம்தான் இருந்தது. அதையும் சொன்னேன். பேச்சியம்மா முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தடவினார்.

"எனக்காக நிக்கிறது அவளுக காலு. அந்தக் காலுக்கு இல்லைன்னு நான் எந்த வாயால சொல்ல?"

ஞாயிற்றுக்கிழமை

அந்த ஞாயிறு ஆறு பேரும் வந்து பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். இருவர் முன்னால் பேசவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். துண்டை எடுத்துப் பாதத்தில் மாட்டி, முட்டியை மடக்காமல் என் பக்கம் இழுத்துக் காட்டினேன். விழித்ததும் கால் தரையில் படும் முன்னே இதைச் செய்யுங்கள், ஸ்பிளின்ட் இல்லாதவர்களுக்கு இதுவே பாதி வைத்தியம் என்றேன். ஓரத்தில் இருந்தவர்கள் கேட்கவில்லை என்றதால் மூன்று தடவை சொன்னேன். ஸ்பிளின்ட் ஒருவரிடம்தான் இருக்க வேண்டும் என்பதை மட்டும் ஒரே தடவை, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

ராசாத்திக்குத்தான் வலி பழசு, அவளே முதலில் கட்டட்டும் என்று பேச்சியம்மா ஆரம்பித்தார். ராசாத்தி எழுந்துவந்து ஸ்பிளின்டை எடுத்தார். என் மேசையிலிருந்த கத்தரிக்கோலால் தன் பச்சை முடிச்சைத் தானே வெட்டிவிட்டு, கத்தரியை அடுத்தவரிடம் நீட்டினார். கடைசியில் சிவப்பு மட்டும் மிஞ்சியது.

"ஏ பேச்சி, ரொம்பப் பெரிய மனுசி ஆகாத. டிரைவர்கிட்ட தெனமும் புதுசா என்னத்தப் பேச? எனக்குக் கதை தீந்துபோச்சு."

தீபாவளிக்கு அப்புறம்

தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் பேச்சியம்மா வந்தார். படியேறும்போது கைப்பிடியைத் தொடவில்லை. முழுக்கப் போய்விட்டதா என்றேன். மழை நாளில் கொஞ்சம் இருக்கிறது, மற்ற நாளில் எழுந்ததும் நேராக நடந்துவிடுகிறேன், ஜீப்பில் என் இடம் என்னிடமேதான் இருக்கிறது என்றார். ஸ்பிளின்ட் எங்கே என்று கேட்டேன். ராசாத்தி வீட்டில் இருக்கிறதாம். பச்சை நூலை மறுபடி கட்டியாயிற்றாம். வலி கூடிவிட்டதால் ராசாத்திக்கு இப்போதெல்லாம் வந்து சேர நேரமாகிறது என்று சொல்லிவிட்டு, தன் வலது பாதத்தைத் தரையில் ஒரு தடவை நன்றாக ஊன்றிக் காட்டினார்.

"அவ வார வரைக்கும் இந்தக் காலத்தான் கீழ வச்சிருக்கேன் ஆத்தா. நான் ஏறுனாத்தான ஜீப்பு கெளம்பும்."

ஒரு பாதத்தை ராத்திரி முழுக்க நிமிர்த்தி நிறுத்த எனக்குப் பட்டம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு ஜீப்பை ஐந்து நிமிடம் நிறுத்திவைக்கிற வைத்தியத்துக்கு இன்னும் எந்தக் கல்லூரியும் பாடம் வைத்ததாகத் தெரியவில்லை.