தமிழ்ச்செல்வி வாங்கிய ரீல்

ஞாயிறு காலை ஐந்தரை மணி. தூத்துக்குடியிலிருந்து முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் உட்கார்ந்தே வந்த இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திருப்பூர் கோவில்வழி பேருந்து நிலையத்தில் இறங்கினேன். பையில் சின்னதும் பெரிதுமாக ஸ்குரூ டிரைவர்கள், ஒரு டப்பா கிரீஸ், ஒரு மாற்றுச் சட்டை. கல்யாணம், காதுகுத்து என்று வந்திருந்தால் வெளியே சொல்லிக்கொள்ளலாம். நான் வந்தது ஒரு தூண்டில் ரீல் நல்லதா, உதவாததா என்று தீர்ப்புச் சொல்ல. வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி சிரிக்கக்கூட இல்லை. "சாப்பாட்டுக்கு இருப்பீங்களா மாட்டீங்களா, அத மட்டும் சொல்லுங்க" என்றாள்.

ரீல் என்பது தூண்டில் கம்பின் அடியில் பொருத்தி நைலான் நரம்பைச் சுற்றி வைக்கும் சின்ன இயந்திரம். அதைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. கரையில் நின்று பாரை மீன் பிடிப்பவர்கள் உப்பு தின்ற ரீல்களைக் கொண்டுவந்து என் கடையில் போடுவார்கள். அப்படிப் பழக்கமானவர்தான் நடராஜன். அனுப்பர்பாளையத்தில் தையல் கம்பெனி வைத்திருக்கிறார். லீவு கிடைத்தால் கடலுக்கு ஓடி வந்துவிடுவார். போன வாரம் போனில் அழைத்து, "நம்ம சிநேகிதன் சிவக்குமார் ரீலுனால அவனூட்டுல போயிப் பேசவே முடியலீங்கண்ணா. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இரண்டு பேருந்து மாறி வந்திருக்கிறேன்.

காருடன் காத்திருந்த நடராஜன் பையை வாங்கிக்கொண்டே வழக்கை ஆரம்பித்துவிட்டார். சிவக்குமார் அவருடைய பால்ய நண்பர். மண்ணரையில் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின்கள் ஓட்டுகிறார். அவரிடம் இருப்பது ஜப்பான் கம்பெனி ரீல். பெரிய மீன் கடித்தால் அது நிற்பதில்லை, நரம்பை அப்படியே விட்டுக்கொடுத்துவிடுகிறது. ஒரு வருடமாக இதே கதை. பொறுக்க முடியாத நடராஜன் நண்பனுக்காகத் தன் செலவில் ஓர் அமெரிக்க ரீல் வாங்கிவிட்டார். ஜப்பான் ரீலை விலைக்கு எடுத்துக்கொள்ள ஈரோட்டிலிருந்து ஒருவர் நாளைக்கு வருகிறார். ஆனால் சிவக்குமார் கொடுக்க மாட்டேன் என்கிறார். கடைசியில், காங்கேயம் பக்கம் நடராஜனின் தோட்டத்துக் குட்டையில் இன்றைக்கு மீன் பிடித்துப் பார்த்துவிட்டுக் கடல்காரர் சொல்வதைக் கேட்பது என்று முடிவாகியிருக்கிறது. நான் நல்லது என்றால் ரீல் தங்கும். இல்லையென்றால் ஈரோட்டுக்குப் போகும்.

"அமெரிக்காக்காரன் ரீலுன்னா அது ரீலுங்கண்ணா. கையில வாங்குனாலே கனம் தெரியுமுங்க."

"கனந்தான் வேணும்னா அம்மிக்கல்லக் கட்டி வீசுங்கண்ணே, யாரு வேண்டாங்கா" என்றேன். தூக்கம் கெட்டால் எனக்கு வாய் கொஞ்சம் நீளும்.

எங்கள் ஊரில் எந்தக் கம்பெனி நல்லது என்பதை உப்பு சொல்லிவிடும். இரண்டு மழைக்காலம் தாங்கினால் நல்ல கம்பெனி, தாங்காவிட்டால் காயலாங்கடை. இங்கே குளத்து மீன்காரர்களுக்கு அந்தக் கவலை கிடையாது. ஆகவே பிராண்டை ஒரு கட்சி மாதிரி பிடித்துக்கொள்கிறார்கள். அதிலும் நடராஜன் வேடிக்கையான ஆள். அவர் கம்பெனியில் ஒரே துணியை ஒரே மாதிரி தைத்து, மூன்று நாட்டுக்கு மூன்று லேபிள் வைத்து அனுப்புகிறார். ஒன்றின் விலை இன்னொன்றைப்போல மூன்று மடங்கு. லேபிளின் சூட்சுமம் தெரிந்தவர் லேபிளைப் பார்த்து மயங்கலாமா என்று கேட்டேன். "அது பனியனுங்க. இது ரீலுங்க" என்றார், அதற்கு மேல் பேச்சில்லை என்பதுபோல.

ஆறேகால் மணிக்கு மண்ணரை. வாரம் முழுக்க இரைச்சலில் கிடக்கும் சந்துகள் ஞாயிறு என்பதால் ஓய்ந்திருந்தன. சிவக்குமாருக்குக் கீழே நிட்டிங், மேலே வீடு. ஷட்டர் பாதி திறந்திருந்தது. உள்ளே வட்ட வட்டமான மெஷின்கள், தலைக்கு மேல் நூல் கோன்கள், தரையெங்கும் பஞ்சுத் தூசி. நிதானமான மனிதர் சிவக்குமார். எதைச் சொன்னாலும் முதலில் தலையாட்டிவிட்டுத்தான் வாயைத் திறப்பார். மெஷின்களின் முழுப் பொறுப்பு அவர் மனைவி தமிழ்ச்செல்வியுடையது. மாடியில் இருந்தபடியே எந்த மெஷினில் ஊசி உடைந்தது என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவாராம்.

காபியைக் கொடுத்துக்கொண்டே அவரே சொன்னார். "நாந்தானுங்கண்ணா அந்த ரீலு வாங்குனது. சீட்டு எடுத்த காசுல. கோயமுத்தூருல கடைக்காரன் பத்துப் பதினஞ்சு ரீலு எடுத்துப்போட்டானுங்க. நான் எழுத்தெல்லாம் பாக்கலீங்க. ஒவ்வொண்ணா காதுகிட்ட வெச்சுச் சுத்துனேன். இது ஒண்ணுதான் சத்தமே இல்லாம ஓடுச்சு."

முப்பது வருடமாக ரீல் பிரிக்கிறேன். நானும் முதலில் காதில் வைத்துத்தான் பார்ப்பேன். இந்த அம்மாள்மேல் அப்போதே எனக்குப் பிரியம் வந்துவிட்டது. நீதிபதிக்கு இது கூடாது என்பது தெரியும்.

"இன்னிக்கு நானும் வர்றேனுங்க. என் ரீலைக் குத்தம் சொல்றத நேர்ல கேக்கோணும்" என்று சோற்றுத் தூக்குப் போசியுடன் தமிழ்ச்செல்வியும் காரில் ஏறிக்கொண்டார். சிவக்குமார் எதையோ எடுக்கத் திரும்ப உள்ளே போகப் பார்த்தார். நடராஜன் ஹாரனை அமுக்கி, "வெயில் வந்துட்டா மீனு மேல வராது, ஏறுப்பா" என்று விரட்டினார். அரைமனதாக வந்து உட்கார்ந்தார்.

காங்கேயத்துக்கு முப்பது கிலோமீட்டர் இருக்கும். ஊருக்குள் நுழையும்போதே தேங்காய் எண்ணெய் வாசனை. கொப்பரைக் களங்கள் வெள்ளை வெளேர் என்று கிடந்தன. ஒரு செக்கில் நிறுத்தித் தேங்காய்ப் புண்ணாக்கு வாங்கினோம். அதைத் தவிட்டோடு பிசைந்து உருட்டினால் கட்லா மீன் வரும் என்றார் நடராஜன். எங்கள் ஊர் மீன் நாற்றமெடுத்த இறாலுக்கு வருகிறது. இவர்கள் மீனுக்குப் பலகார வாசனை கேட்கிறது.

எட்டு மணிக்கு நடராஜனின் தோட்டம். வாய்க்கால் தண்ணீர் நிரம்பிய பெரிய குட்டை. ஒரு ஓரத்தில் அல்லிக்கொடி மண்டிக் கிடந்தது. மீன்குஞ்சு விட்டுச் சில வருடங்களாகிவிட்டதால் உள்ளே கிடப்பவை நன்றாக வளர்ந்தவை. சிவக்குமார் உருண்டையைக் கோத்து வீசினார். அழகான வீச்சு. ரீல் மூச்சுவிடாமல் நரம்பைக் கொடுத்தது. தமிழ்ச்செல்வி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

ஒன்பதைத் தாண்டியபோது கம்பு வளைந்தது. பெரிய மீன். ரீலில் டிராக் என்று ஒன்று உண்டு. மீன் இழுக்கும்போது நரம்பு அறுந்துவிடாமல் கொஞ்சம் விட்டு, அதே சமயம் மீனைக் களைப்படையச் செய்யும் பிடிமானம் அது. இங்கே பிடிமானமே இல்லை. நரம்பு போய்க்கொண்டே இருந்தது. சிவக்குமார் முறுக்கினார், இன்னும் முறுக்கினார், கடைசியில் உள்ளங்கையால் ரீலையே அழுத்தினார். மீன் சாவகாசமாக அல்லிக்குள் போய்ச் சுற்றிக்கொண்டது. நரம்பு அறுந்தது.

"பாத்தீங்களாண்ணா? இதுக்கு மேல சாட்சி வேணுமுங்களா?" என்றார் நடராஜன். அவர் குரலில் வெற்றியைவிட வருத்தம்தான் அதிகமிருந்தது. தமிழ்ச்செல்வி போசியைத் திறந்தார், மூடினார்.

நான் ரீலைக் கழற்றிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனேன். கூடவே சிவக்குமாரும் வந்தார். முன்பக்கத் திருகைக் கழற்றினேன். டிராக்கின் உள்ளே தாளடுக்கு மாதிரி வாஷர்கள் இருக்கும். ஒன்றையொன்று உரசிப் பிடிப்பதுதான் அவற்றின் வேலை. அவை எண்ணெயில் ஊறிக் கிடந்தன. தண்ணீர் மாதிரி மெலிந்த எண்ணெய். பஜ்ஜியைப் பிழிவதுபோல் பிழியலாம். காலையில் மண்ணரை ஷட்டருக்குள் அடித்த அதே வாசனை. நிட்டிங் மெஷின் ஊசிகளுக்கு விடுகிற நீடில் ஆயில்.

"என்னண்ணே இது? யாரு இதுக்குள்ள எண்ணெய ஊத்துனது?"

சிவக்குமார் முதலில் தலையாட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "தெரியுமுங்க. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் போட்டு ஆளுங்க போனதும் அவ மெஷினுக்கெல்லாம் எண்ணெய் விடுவாளுங்க. எனக்கும் அன்னிக்குத்தான் எண்ணெய் தேச்சுக் குளியல். அந்தக் கையோட ரீலையும் கழட்டி எண்ணெய் விட்டு வெச்சுருவா. ஓடற சாமான் காயக்கூடாதுன்னு. நான் ஞாயித்துக்கெழமை காலையில பனியன் வேஸ்ட்டு வெச்சு முடிஞ்ச வரைக்கும் தொடைச்சு எடுத்துப்போட்டு வருவேனுங்க, அப்படியும் உள்ள ஊறுனது போகாதுங்க. இன்னிக்கு நடராஜன் விடல."

"ஒரு வருசமாவா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நிறுத்திப்போடுவாளுங்க." குட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எங்களுக்குள்ள பேச்சே நூலு, ஆர்டர், கரண்டு பில்லு தானுங்க. அவ பாத்துக்கறதெல்லாம் கம்பெனி சாமான். எனக்குன்னு அவ எடுத்து வெச்சுப் பாக்கறது இது ஒண்ணுதான். மீனு போனாப் போகுதுங்க. ஆனா ரீலும் போயிருமாட்ட இருக்குது. எதாச்சும் சொல்லி ரீலு போகாம நிறுத்திக் குடுங்கண்ணா. அவ பேரு மட்டும் வரவேண்டாம்."

நான் எத்தனையோ ரீல்களைப் பிரித்திருக்கிறேன். இப்படி ஒரு பழுதைப் பார்த்ததில்லை. வாஷர்களைத் துடைத்து, உலரவைத்து, டிராக்குக்கென்றே வரும் கெட்டி கிரீஸைத் தொட்டுப் பூசி, முறுக்கினேன். இப்போது கையால் இழுத்தாலும் அடம்பிடித்தது.

எல்லோர் முன்னாலும் வந்து தொண்டையைச் செருமினேன். "ரீல் அருமையான ரீல். பழுதொண்ணும் இல்ல. உள்ள கிரீஸ் கொஞ்சம் இளகிப்போச்சு, கொங்கு நாட்டு வெயிலு அப்படி" என்றேன். தூத்துக்குடிக்காரன் காங்கேயத்து வெயிலைக் குற்றம் சொன்னது எனக்கே வெட்கமாக இருந்தது.

நடராஜன் வாயைத் திறப்பதற்குள் தமிழ்ச்செல்வி எழுந்து வந்தார். என் கையிலிருந்த துடைத்த துணியை வாங்கினார். துணியில் எண்ணெய்க் கறை பார்ப்பதுதான் அவருடைய அன்றாட வேலை. அதை நான் மறந்துபோனேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஒரு தடவை மோந்தார்.

"இது நம்ம நீடில் ஆயிலுங்க."

அவர் கணவர் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, தெரியுமா உங்களுக்கு?"

சிவக்குமார் தலையாட்டினார்.

"எத்தனை வாரமாத் தொடைக்கறீங்க?"

"அதெல்லாம் எண்ணலயம்மணி."

"கண்டவங்க எல்லாம் ரீலு ரீலுன்னு உங்களைக் கேலி பேசுனாங்களே, அப்பவாச்சும் சொல்லியிருக்கலாமில்லீங்க?" அந்தக் கண்டவர் நடராஜன்தான். அவர் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். தமிழ்ச்செல்வியின் கண் நிறைந்துவிட்டது, ஆனால் முகத்தில் கோபம்தான் இருந்தது. கண்ணை நன்றாகத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார். "அண்ணா, இதுல எண்ணெய் விடற எடமே இல்லீங்களா?"

"இருக்கும்மா. இந்தக் கைப்பிடி மூட்டுல ஒரு சொட்டு. நரம்பு ஓடுற இந்தச் சின்ன உருளையில ஒரு சொட்டு. வாரா வாரம் விட்டாலும் தப்பில்ல." வாரா வாரம் தேவையே இல்லை. மாதத்துக்கு ஒருமுறை போதும். ஆனால் தொழிலில் சில பொய்கள் உண்டு.

"அப்பச் செரிங்க" என்றவர் நடராஜனிடம் கையை நீட்டினார். "அந்த அமெரிக்கா ரீலை இங்க குடுங்கண்ணா. நான் போட்டுப் பாக்கறேன்." காதருகே வைத்து ஒரு சுற்றுச் சுற்றி, "கொஞ்சம் கரகரங்குது, பரவால்லீங்க" என்றார். நடராஜன் அடிபட்ட முகத்தோடு அதைக் கம்பில் பொருத்திக் கொடுத்தார். ஈரோட்டுக்காரருக்கு வர வேண்டாம் என்று அவரே போன் செய்தார்.

மத்தியானம் வரை புருஷனும் பொண்டாட்டியும் குட்டையின் ஒரே கரையில் நின்று மீன் பிடித்தார்கள். தமிழ்ச்செல்விக்கு உள்ளங்கை அகல ஜிலேபி மீன் இரண்டு. சிவக்குமாருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் கம்பைப் பார்த்ததைவிடப் பக்கத்தில்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்குத் தாராபுரம் வழியாகப் பேருந்து ஏற்றிவிட்டார்கள். எவ்வளவு சொல்லியும் கேளாமல் ஒரு கட்டுப் பனியன் துணியை மடியில் வைத்தார் சிவக்குமார், துடைப்பதற்கு ஆகுமாம். சன்னலோரம் உட்கார்ந்து வீட்டை நினைத்துக்கொண்டேன். நான் ரீல் பிரிக்கும் மேசையை என் மனைவி மீன்வாடை என்று சொல்லிக் கொல்லைப்புறத்துக்குத் தள்ளிவிட்டாள். ஆனால் அந்த மேசையில் வெளிச்சம் குறைந்தபோது பல்பு மாற்றியது அவள். என் கண்ணாடியைத் துடைத்து டப்பாவில் வைப்பதும் அவள்தான். அதை நான் இதுவரை ஒரு வேலையாக நினைத்துப் பார்த்ததில்லை.

இப்போதும் கடைக்கு வருபவர்கள் எந்தக் கம்பெனி ரீல் நல்லது என்று கேட்கத்தான் செய்கிறார்கள். சொல்கிறேன், அது என் பிழைப்பு. ஆனால் பழசைக் கொடுத்துவிட்டுப் புதிது வேண்டும் என்று யாராவது வந்தால், முதலில் யார் வாங்கிக் கொடுத்தது என்று கேட்டுவிட்டுத்தான் பிரிக்கிறேன்.