மெனுவில் வழி தவறிய லாரிக்காரர்

வலைக்காரி என்றதும் மீன்காரி என்று நினைத்துவிடாதீர்கள். மாடிவீட்டில் குடியிருந்தவள், ஓர் ஒலிநூலகத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அவள் தட்டச்சு செய்கிற வேகத்தில் கீழ்வீட்டிலிருக்கும் என் தலையில் சுண்ணாம்பு உதிரும். பொய்யென்றால் என் பல்லெல்லாம் கொட்டட்டும், மிச்சமிருப்பது மூன்றுதான்.

அவள் புருஷன் லாரி ஓட்டியவர். "வழி கேக்கறவன் எல்லாம் டிரைவரா?" என்று மீசையை நீவுவார். சர்க்கரை நோய் கண்களைத் தின்ற பிறகும் யாரையும் கைபிடிக்க விடமாட்டார். சுவரைத் தடவியே நடப்பார்.

கதை கேட்கலாமென்றால், நூலகத் தளத்தில் மெனுவுக்குள் மெனு. மவுஸை மேலே வைத்தால்தான் உள்மெனு விரியும். திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் வாசலோடு நின்றுவிடும். வலைக்காரி அந்தத் தளத்துக்கு வெளியாட்கள் செய்து கொடுத்த 'தீம்' என்கிற தோற்ற வார்ப்பையே பிரித்துப்போட்டாள். உள்மெனு ஒவ்வொன்றையும் அதனதன் தலைப்புக்குக் கீழே பட்டியலாகக் கோத்து, பக்கத்தில் ஒரு பட்டன் வைத்தாள். 'கதைகள், மூடியிருக்கிறது' என்று குரல் சொல்லும். விசையைத் தட்டினால் திறக்கும்.

கதைகள், நாவல்கள், கடல் பயணம் என்று அவராகவே உள்ளே இறங்கிய அன்று, "ஏய், வந்து சேந்துட்டேன்டீ!" என்று போட்ட கூச்சலில் தெருநாய்கள் ஊரைக் காலி செய்தன.

ஆனால் அவசரக்காரி ஒரு தப்புச் செய்திருந்தாள். மாற்றங்களைத் தனிக்கோப்பில் வைக்காமல் தீமின் கோப்பிலேயே எழுதிவிட்டாள். வாடகைவீட்டுச் சுவரில் படம் வரைந்த கதைதான். தீம் செய்தவர்கள் புதுப் பதிப்பு அனுப்பினார்கள். அலுவலகத்தில் யாரோ அப்டேட்டை அழுத்தினார்கள். அவள் எழுதியதெல்லாம் அழிந்துபோனது.

அன்று அவர் எந்த விசையைத் தட்டியும் மெனு திறக்கவில்லை. ஹெட்போனைச் சுருட்டி வைத்துவிட்டார். கேட்டால், "காது வலிக்குது." பிறகு யாரோ ஒரு வாசகர் நூலகத்துக்கு போன் செய்து, "மெனு திறக்கவே மாட்டேங்குதுங்க" என்றபோதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. உடனே சரிசெய்துவிட்டு அவரிடம் ஓடினாள்.

"ஏங்க, தப்பு என்னோடது. அப்டேட்ல அழிஞ்சுபோச்சு. இப்ப சரியா இருக்கு, வந்து பாருங்க."

"எனக்காகப் பழிய ஏத்துக்காத. வழி மறந்துபோச்சு எனக்கு. கண்ணு போன மாதிரி புத்தியும் போகுது."

"சத்தியமா இல்லைங்க!"

"கண்ணாடி மாத்தினா சரியாயிடும்னும் நீதான் சத்தியம் பண்ண." கோபமே இல்லாமல் சிரித்தார். "விடும்மா. நீயே போட்டு விடு."

அவள் போட்டுவிட்டாள். கதையில் கடல் இரைந்தது. அவருடைய கைகள் மடியிலேயே கிடந்தன.