ரப்பர் பாலில் ஒட்டிய உறை

போன வாரம் கிளினிக்கிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறை வந்தது. உள்ளே இருந்தது என் ரத்தத்தைப் பற்றிய செய்தி. அதை நான் மட்டும் பார்த்துவிடக் கூடாது என்று யாரோ முடிவு செய்ததுபோல ஒட்டியிருந்தார்கள். ஓரத்தில் அம்புக்குறி போட்டு, இங்கே கிழிக்கவும் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்திருந்தது. கிழித்தேன். அம்புக்குறி மட்டும் கையோடு வந்தது. பல்லால் கடித்து இழுக்கலாமென்றால் பல் அப்போது டம்ளர் தண்ணீரில் கிடந்தது. கடைசியில் மீன் நறுக்கும் கத்தரிக்கோலை எடுத்து ஒரு வெட்டு வெட்டினேன். உள்ளே இருந்த தாளும் சேர்ந்து வெட்டுப்பட்டது. சர்க்கரை எவ்வளவு என்கிற இடம் சரியாக இரண்டாகிவிட்டது.

அந்த உறையின் ஓரத்தில் ஒட்டியிருந்த பசை இழை இழையாக விரலில் வந்தது. சும்மா இருக்க முடியாமல் அதை உருட்டி மூக்கருகே கொண்டுபோனேன். ரப்பர் வாசனை மாதிரி லேசாக ஏதோ அடித்தது. உங்களுக்குப் பால்மரக் காட்டு வாசனை பழக்கமா என்று தெரியாது. மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் வடிந்த பால் வெயிலேறி உறையத் தொடங்கும்போது வரும் புளித்த வாடை அது. நல்ல வாசனை என்று யாரும் சொல்லமாட்டார்கள். எனக்கோ அதை முகர்ந்ததும் அஞ்சலையின் கை ஞாபகம் வந்துவிட்டது.

நான் அலோர் காஜா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நாலாம் வகுப்பில் பாதி படித்தேன். மீதிப் பாதியை ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டான். பிறகு பால் வெட்டினேன், பஸ்ஸில் டிக்கெட் கிழித்தேன், மலாக்கா ஆற்றங்கரையில் படகுகளிலிருந்து மூட்டை இறக்கினேன். ஓர் இடத்தில் மழைக்காலம் முழுக்க இருந்துவிட்டால் எனக்குக் கால் அரிக்கும். அப்படி அரித்துக்கொண்டு திரிந்த காலத்தில்தான் மலாக்கா டவுனில் சாகுல் நானாவின் கடையில் போய் ஒட்டிக்கொண்டேன்.

நானா தமிழ் முஸ்லிம். அவருடைய தாத்தா காலத்திலேயே நாகூர்ப் பக்கமிருந்து வந்து மலாக்காவில் ஊன்றிய குடும்பம். கணக்குப் புத்தகம் தைப்பது, ரசீதுக் கட்டு போடுவது, காகித உறை மடித்து ஒட்டுவது அவர் தொழில். மரவள்ளி மாவைக் காய்ச்சி, கரப்பான் தின்னாமலிருக்க மயில்துத்தம் கலந்து, அவரே பசை கிண்டுவார். அந்தப் பசையில் அவருக்கிருந்த கர்வம் அளவில்லாதது. “ஒட்டினா ஒட்டினதுதான்லா. தொறக்கணும்னா கிழிக்கணும்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கம்பெனிக்காரர்களும் அதற்காகவே அவரிடம் வாங்கினார்கள்.

காட்டுக்குள் ஒளிந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை பிடித்த எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்த நேரம். தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள். காலையில் பால் வெட்டப் போகிறவர்களை கேட்டில் நிறுத்தி, காட்டிலிருப்பவர்களுக்குச் சோறு கொண்டுபோகிறார்களா என்று தடவிப் பார்ப்பார்கள். மத்தியானத்துக்கு ஒரு பிடிச் சோறு எடுத்துப்போக முடியாது. வெறும் வயிற்றோடு வெட்டிவிட்டு வெறும் வயிற்றோடு திரும்ப வேண்டியதுதான். இதைப் பெரிய கஷ்டமாக அப்போது யாரும் சொல்லிக்கொண்டதில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் என்றால் கஷ்டத்துக்கு எடை குறைந்துவிடுகிறது.

டுரியான் துங்கால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவள் அஞ்சலை. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருக்கலாம். அவள் புருஷன் முனியாண்டி தொழிலாளர் சங்கத்தில் கொஞ்சம் வாய் பேசியவன். ஒரு நாள் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. விசாரணையும் இல்லை, வழக்கும் இல்லை, தடுப்பு முகாமில் வைத்துவிட்டார்கள். அப்போது அவள் வயிற்றில் பிள்ளை. பிறந்தது பெண்.

அவளுடைய கடிதங்களைத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி எழுதினால் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும் என்று பஸ் ஏறி டவுனுக்கு வருவாள். நானாவிடம் உறை வாங்கி என்னிடம் எழுதச் சொல்வாள். என் எழுத்தைப் பார்த்தால் மழையில் நனைந்த கோழி நடந்த மாதிரி இருக்கும். அவள் குறை சொன்னதில்லை.

பிள்ளையை ஸ்டூடியோவுக்குத் தூக்கிப்போய் ஒரு படம் எடுத்து அனுப்பினாள். அதற்கு அவன் எழுதிய பதிலை நான்தான் அவளுக்கு வாசித்தேன். முகாமில் கடிதமெல்லாம் பிரித்துப் படித்துத்தான் கொடுப்பார்கள். எங்கள் நானாவின் பசை விரலுக்கு மசியவில்லை. கத்தியைப் போட்டு ஓரத்தை அகலமாக வெட்டியிருக்கிறார்கள், ஓரத்துக்கு நழுவியிருந்த படமும் சேர்ந்து போயிருக்கிறது. ‘பிள்ளைக்குக் கண்ணுக்கு மேல ஒண்ணும் இல்ல. வாயும் மூக்கும் பாத்தேன்’ என்று எழுதியிருந்தான்.

வாசித்து முடித்தபோது அவள் அழவில்லை. பிள்ளையின் முகத்தில் கத்தி விழுந்ததைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு நானாவைப் பார்த்து, சண்டை பிடிக்கிற குரலில் இல்லாமல், “உங்க பசை ரொம்ப நல்ல பசை பாய்” என்றாள். நானாவின் பசையை யாரும் அதற்கு முன் அப்படித் திட்டியதில்லை.

ஒட்டாமலே அனுப்பினால் என்ன என்று நான் பெரிய அறிவாளி மாதிரி கேட்டேன். அப்படியும் அனுப்பிப் பார்த்தோம். கடிதம் போய்ச் சேர்ந்தது, படம் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. இதற்குள் இன்னொரு செய்தி வந்தது. முகாமிலிருப்பவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள், முனியாண்டியின் பெயரும் அடுத்த கூட்டத்தில் இருக்கிறது என்று. அனுப்பிவிட்டால் அவன் அந்தக் கரை, இவள் இந்தக் கரை. மறுபடி பார்ப்பது எப்போது, பார்க்க முடியுமா என்பதே தெரியாது. அவன் கப்பலேறுமுன் பிள்ளையின் முழு முகத்தைப் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. மூன்றாவது படம் எடுத்தாகிவிட்டது. முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்து நானாவின் முன் வைத்தாள்.

“இன்னொரு தடவ கத்தி விழக்கூடாது பாய். லேசா தொறக்கிற மாதிரி ஒரு கவரு செஞ்சு குடுங்க.”

நானா அன்று முழுக்க முணுமுணுத்தார். ஊரிலிருப்பவனெல்லாம் திறக்க முடியாத உறை கேட்கிறான், இந்தப் பெண்ணுக்கு மட்டும் திறக்கிற உறை வேண்டுமாம். அதுவும் திறக்கப்போவது யார்? அவள் புருஷனை உள்ளே வைத்திருக்கிறவன். “அவன் கைக்கு நோகாம நான் கவரு செய்யணும், பாத்தியா?” என்று என்னைக் கேட்டார். கேட்டுக்கொண்டே தாளை மடிக்க ஆரம்பித்திருந்தார்.

மடிப்புக்குள் தையல் நூலை வைத்து ஒட்டினார். இழுத்தால் வாய் பிளந்துகொள்ளும் என்பது கணக்கு. நான் இழுத்தேன், நூல் வந்தது, உறை அப்படியே இருந்தது. பசையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். மலாக்கா ஈரத்துக்கு அது மேசையிலேயே தானாக வாயைத் திறந்துகொண்டது. மெழுகு வைத்தார். தபால் பைக்குள் போட்டுக் குலுக்கிப் பார்த்ததில் உடைந்து உதிர்ந்தது. ஒவ்வொன்றையும் தபால்காரன்போல எறிந்தும் மிதித்தும் பார்ப்பது என் வேலை. அந்த வேலையில் மட்டும் நான் குறை வைக்கவில்லை.

ஒரு நாள் அஞ்சலை பால் வெட்டி முடித்த கையோடு பஸ் பிடித்து வந்துவிட்டாள். பெஞ்சில் உட்கார்ந்து, முழங்கைவரை தெறித்துக் காய்ந்திருந்த பாலை உரித்துக்கொண்டிருந்தாள். பால் வெட்டுகிற எல்லோரும் செய்வதுதான். அவளுக்கே அது தெரியாமல் விரல் தன்பாட்டுக்கு உரித்துக்கொண்டிருந்தது. ஒரு முனையை நகத்தால் நெம்பி இழுத்தால் மெல்லிய தோல்போல நீளமாக வரும். கீழே கை சுத்தமாக இருக்கும்.

நானா மடித்துக்கொண்டிருந்த தாளைக் கீழே வைத்தார். அவர் பார்ப்பதைக் கண்டு அவள் வெட்கப்பட்டுக் கையை மறைத்தாள். “கழுவிட்டு வந்திருக்கணும், பஸ்ஸு போயிருமேன்னு…” என்றாள்.

“மறைக்காத. இன்னொரு தடவ இழு” என்றார் நானா.

இழுத்தாள். அவர் தாடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். இரண்டு வருஷம் அதே பாலை என் கையிலிருந்து தினமும் உரித்துப்போட்டவன் நான். அது ஒட்டவும் செய்கிறது, நோகாமல் பிரியவும் செய்கிறது என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.

அடுத்த முறை அவள் ஒரு சிறு பாட்டிலில் பால் கொண்டுவந்தாள். உறைந்துவிடாமலிருக்க பால் சேர்க்கும் ஸ்டோரில் ஊற்றும் அமோனியாவில் சில சொட்டுகள் சேர்த்திருந்தாள். அதற்கே கேட்டில் பெரிய கூத்து நடந்ததாம். காவலுக்கு நின்ற இளைஞன் வெள்ளையாக இருந்ததைப் பார்த்துவிட்டு, “சுசு?” என்று மலாயில் அதட்டியிருக்கிறான். குடிக்கிற பாலைக் காட்டுக்குக் கடத்துகிறாள் என்று நினைத்துவிட்டான். இல்லையென்று அவள் சொல்லச் சொல்ல மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டிருக்கிறான். அமோனியா ஏறியதில் அவன் கண்ணில் தண்ணீர் தாரை தாரையாக வந்ததாம். “என்னைய விட்டுட்டு அவன் தண்ணிக் கொழாயத் தேடிப் போயிட்டான்” என்று சொல்லி அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பாலை நேராகத் தாளில் தடவினால் தாள் அதைக் குடித்துவிட்டது. பிரித்தபோது தாளும் கூடவே கிழிந்தது. நானா யோசித்துத் தன் மரவள்ளிப் பசையையே முதலில் மெல்லியதாகப் பூசி, நன்றாகக் காயவிட்டு, அதற்குமேல் பாலைத் தடவினார். மூடியில் ஒரு பட்டை, அது போய்ப் படியும் இடத்தில் ஒரு பட்டை. இரண்டும் காய்ந்து கண்ணாடிபோல ஆனபிறகு ஒன்றன்மேல் ஒன்றை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். ஒட்டிக்கொண்டது. தலைகீழாகப் பிடித்தார், நான் எறிந்தேன், மிதித்தேன். அசையவில்லை.

பிறகு அவர் முனையைப் பிடித்து இழுத்தார்.

அதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. ஆறிய பாலின்மேல் படிந்த ஆடையைத் தூக்குகிற மாதிரி மூடி எழுந்து வந்தது. கிழிசல் இல்லை, ஓசைகூட இல்லை. மறுபடி வைத்து அழுத்தினால் திரும்பவும் மூடிக்கொண்டது. உலகத்தில் எத்தனையோ அதிசயம் பார்த்திருக்கிறேன், சிங்கப்பூரில் கப்பலே பார்த்திருக்கிறேன். வெறும் தாள் ஒன்று சொன்னபடி திறந்து சொன்னபடி மூடியதைப் பார்த்து வாயடைத்து நின்றது அன்றுதான். நானா அதைத் திறந்து திறந்து மூடினார். அசர் தொழுகைக்கு நேரமானதுகூட அவருக்குத் தெரியவில்லை.

கடிதத்தையும் படத்தையும் உள்ளே வைத்தோம். மூடியை அழுத்துமுன் அஞ்சலை என்னை நிறுத்தினாள். திறக்கிறவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். அதை நாங்கள் யோசிக்கவே இல்லை. பழக்கத்தில் அவர் கத்தியைத்தான் எடுப்பார். மேலே எழுதச் சொல்லி அவளே வார்த்தைகளைச் சொன்னாள். “அய்யா, கத்தி வேணாம். இந்த முனைய இழுத்தா வரும். உள்ள பிள்ள படம் இருக்கு.” தமிழில் நான் எழுதினேன். கீழே இங்கிலீஷில் நானா எழுதினார். அவருடைய இங்கிலீஷ் ரசீது இங்கிலீஷ், ஆனால் கத்தி வேண்டாம் என்பது தெளிவாக இருந்தது.

அதன்பிறகு அவள் பல நாள் வரவில்லை. கப்பல் போய்விட்டது என்று ஒருவர் சொன்னார், போகவில்லை என்று இன்னொருவர். நானா என்னிடம் பேசும்போது அந்த உறையைப் பற்றி மட்டும் பேசமாட்டார்.

ஒரு மத்தியானம் வந்தாள், இடுப்பில் பிள்ளை, கையில் முகாம் கடிதம். வழக்கம்போல ஓரம் வெட்டி, பிரித்துப் படித்த கடிதம். நான் வாசித்தேன். நானா தூரிகையைக் கழுவாமலே கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

‘படம் முழுசா வந்துச்சு. நெத்தி எங்கம்மா நெத்திதான். உள்ள எல்லாருக்கும் காட்டிட்டேன். கவரு மூடினபடியே வந்துச்சு. ரெண்டு வருசமா மத்தவங்க பிரிச்ச கடுதாசிதான் கைக்கு வருது. இத நானே பிரிச்சேன்.’

அந்தக் கடைசி வரியை அவள் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். நானா தூரிகையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

எனக்கு அப்போது உறைத்தது இதுதான். முகாமில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அதைத் திறந்தவர் ஒருவர் இருந்திருக்கிறார். முனையை இழுத்திருக்கிறார், படித்திருக்கிறார், பிள்ளையைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு அப்படியே கொடுத்திருக்கலாம், அதுதான் அவர் வேலை. அவரோ திரும்பப் படத்தை உள்ளே வைத்து, மூடியைக் கொண்டுவந்து படியவைத்து, கட்டைவிரலால் ஓரம் முழுக்க அழுத்தியிருக்கிறார். மூடச் சொல்லி நாங்கள் எழுதவே இல்லை.

அதே உறையை நானா கட்டுக் கட்டாகச் செய்து விற்கப் பார்த்தார். ஒருவரும் வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் திறந்து மூடலாம் என்றால் எங்கள் ரகசியம் என்னாவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். விற்காமல் அலமாரியில் அடுக்கிவைத்தவை மழைக்காலத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு செங்கல் மாதிரி ஆகிவிட்டன. நானா அதைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார். எனக்கும் கால் அரித்தது, கிளம்பிவிட்டேன்.

முனியாண்டியைக் கப்பலேற்றினார்கள். பிறகு அஞ்சலையும் பிள்ளையும் நாகப்பட்டினம் கப்பலில் போனதாக, பின்னால் ஒரு தடவை கடைப்பக்கம் போனபோது நானா சொன்னார். அதற்குமேல் அவருக்கும் தெரியவில்லை. அஞ்சலையின் லயம் இருந்த பக்கம் இப்போது அணைத் தண்ணீர் நிற்கிறது. முகாமில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் தமிழரா, மலாயரா, வெள்ளைக்காரரா என்பதுகூட எனக்குத் தெரியாது. அந்த உறை எந்தப் பெட்டியின் அடியிலாவது இன்னும் கிடந்தால், பால் காய்ந்து பழுப்பாகி விறைத்திருக்கும். எவ்வளவு அழுத்தினாலும் இனி மூடாது.