சால்வை அலமாரிப் பூச்சி

கூலிக்குத் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தவன் நான். அந்தக் குழியிலிருந்து எழுந்து ஐயம்பேட்டையில் சொந்தத் தறி போட்டேன். ஒரு தறி எட்டுத் தறியானது. செவிலிமேட்டில் ஒரு கடைகூட இல்லாத காலத்தில் மனை வாங்கினேன். "பாலாத்துல தண்ணி வந்தா இன்னா பண்ணுவ, படகு வாங்குவியா?" என்று சிரித்தவர்கள் பார்க்கப் பார்க்க மாடி எடுத்தேன். மகனைப் படிக்க வைத்தேன். எனக்குப் படிப்பு நாலாவது வரைதான். இங்கிலீஷில் கையெழுத்து மட்டும் போடுவேன், அதுவும் பெரிய அதிகாரி போட்டது மாதிரி இருக்கும். கோயில் விழாவோ பள்ளிக்கூட விழாவோ, என்னை மேடையில் ஏற்றிச் சால்வை போர்த்தாமல் அனுப்பியதில்லை. அந்தச் சால்வைகளுக்கென்றே பெரிய மர அலமாரி ஒன்று இருக்கிறது வீட்டில்.

இப்படிப்பட்ட ஆளைத்தான் போன மாதம் கடுகளவு பூச்சி ஒன்று தரையில் உட்கார வைத்துவிட்டது.

கூடத்து ஜன்னல் ஓரம் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். மருமகள் துடைக்க வந்தாள். "மாமா, இது இன்னா பூச்சி பாருங்க. தினம் தொடைக்கறேன், தினம் வந்துக்கினே இருக்குது" என்றாள். என்னைப் போய்க் கேட்டாள் பாருங்கள், தப்பு அங்கேதான் ஆரம்பம். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய் இது.

மேசையிலிருந்து இழை பார்க்கும் கண்ணாடியை எடுத்து வந்தேன். பித்தளையில் மடக்குகிற மாதிரி இருக்கும். புடவை மேல் வைத்தால் இழை ஒவ்வொன்றும் கயிறாகத் தெரியும். பூச்சி மேல் வைத்தேன். உருண்டை முதுகு. வெள்ளை, பழுப்பு, மஞ்சள் என்று செதில் செதிலாக அப்படி ஒரு டிசைன். எவன் போட்டுக் கொடுத்தான் என்று கேட்கத் தோன்றியது. குச்சியால் தொட்டதும் காலை மடக்கிக்கொண்டு செத்த மாதிரி படுத்துவிட்டது. பலே, கடனைத் திருப்பிக் கேட்டால் இப்படிப் படுத்துக்கொள்கிற நம்ம ஊர் வியாபாரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கண்ணாடியைக் கண்ணில் வைத்தாலே பித்தளை வாசனையோடு ஒரு குரலும் வந்துவிடும். டவுனில் ஒரு பாய் இருந்தார், பெரிய புடவை வியாபாரி. ஆரம்ப காலத்தில் நான் கொண்டுபோன கோர்வைப் புடவையை இதே கண்ணாடியால்தான் பார்த்தார். கோர்வை என்றால், புடவையின் உடல் ஒரு கலர், கரை வேறு கலர். இரண்டும் சேருகிற இடம் பல்லோடு பல் கடித்த மாதிரி கோர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு ஆள் கையால் ஆகிற வேலை இல்லை. ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா, அதாவது ஊடை நூல் ஓட்டுகிற கட்டை, போட இன்னொரு ஆள் வேண்டும். பாய் பார்த்துவிட்டு, "சபாஷ்! ரெண்டு கையும் ஒரே கை மாதிரி இருக்குதேபா. யாரு நெய்ஞ்சது?" என்றார்.

"நான்தான் பாய்" என்றேன்.

அவருக்கு அவ்வளவு சந்தோஷம். கண்ணாடியை என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

அந்த இன்னொரு கை என் வீட்டுக்காரி தனம். கல்யாணமான புதிதில் ஐயம்பேட்டையில் ஒரே அறை. முக்கால்வாசியைத் தறி எடுத்துக்கொள்ளும், மிச்சத்தில் அடுப்பும் நாங்களும். நான் "போடு" என்பேன். அவள் நாடாவைத் தள்ளிவிட்டு "ம்" என்பாள். விளக்கு வைக்கிற வரை அந்த அறையில் வேறு பேச்சே கிடையாது. போடு. ம். போடு. ம். கோபமாக இருந்தால் அந்த "ம்" கொஞ்சம் தடிக்கும். பிள்ளை வயிற்றில் இருந்தபோது மூச்சு வாங்கி வரும். சொந்தத் தறியில் ஏற்றிய முதல் பாவு நூலில் மூன்று புடவை வந்தது. இரண்டை விற்றோம். மூன்றாவதை, மாம்பழக் கலர் உடல், அரக்குக் கரை, தனத்துக்கே வைத்தோம். அப்புறம் எத்தனையோ உயர்ந்த புடவை அவளுக்கு வந்தது. நல்ல நாள் என்றால் ரொம்ப வருஷம் அவள் எடுத்துக் கட்டியது அதைத்தான்.

எங்கேயோ போய்விட்டேன். பூச்சிக்கு வருகிறேன்.

"இது பொறிவண்டுக் குட்டி" என்று தீர்ப்புச் சொன்னேன். "உன் பூந்தொட்டிலருந்து வருது. செடிய வெளிய அனுப்பு, தானா போயிடும்."

மருமகள் ஏதோ சொல்ல வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொட்டியைத் தூக்கினாள். அவள் பிள்ளை மாதிரி வளர்த்த ரோஜாவும் முல்லையும் எதிர்வீட்டுக்குப் போயின. ஜன்னலில் பூச்சி மட்டும் வந்துகொண்டே இருந்தது.

பேத்திக்கு நிச்சயம் வைத்திருந்தோம். ஆயா தனத்தின் மாம்பழப் புடவையைத்தான் கட்டுவேன் என்று பேத்தி பிடிவாதம். தனம் என் சால்வை அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தாள்; புடவை அங்கேதான் இருந்தது. மடிப்போடு வெளியே எடுத்தாள். அப்புறம், "ஏங்க, இங்க வாங்க."

புடவையை அவள் விரிக்க விரிக்க மடிப்புதோறும் ஓட்டை. பட்டு போன இடத்தில் ஜரிகை மட்டும் கம்பி கம்பியாகத் தொங்கியது. அப்போதும் என் வாய் சும்மா இருந்ததா?

"அப்பப்ப எடுத்து ஆறப் போட்டிருக்கணும் நீ."

தனம் நிமிர்ந்து பார்த்தாள். "எப்படிங்க போடுவேன்? உங்க சால்வைங்க மடிப்பு கலையும், அலமாரியத் தொறக்காதன்னு சொன்னது யாரு? அந்துருண்டை போட்டேன், மேடைல நாறுதுன்னு பொறுக்கி எறிஞ்சது யாரு? இந்தச் சால்வைங்கள யாருக்காவது குடுத்துடலாம்னு கேட்டேன். மரியாதைய எவனாவது தானம் பண்ணுவானான்னீங்க."

மருமகள் போனில் பூச்சியைப் படம் பிடித்துத் தேடியிருந்தாள். என்னைப் பார்க்காமல் மெதுவாகப் படித்தாள். "பொறிவண்டு இல்லையாம் மாமா. கார்பெட் பீட்டிலாம். ஜன்னல்ல வர்ற வளர்ந்த வண்டு பூவுக்குத்தான் போவுமாம். அதோட புழுதான் உள்ள இருந்துக்கினு கம்பளி, பட்டு எல்லாம் திங்குமாம்."

பூவிலிருந்து உள்ளே வந்தது என்று நான் சொன்னேன். அது உள்ளேயிருந்து பூவுக்குப் போகப் பார்த்திருக்கிறது.

மேல்தட்டுச் சால்வைகளை நானே இறக்கினேன். முதலில் வந்ததெல்லாம் நல்ல கம்பளி. ஒவ்வொன்றையும் பிரிக்கும்போது அந்த மேடை, அந்த மைக், "தனி மனிதராக நெய்து உயர்ந்தவர்" என்று சொன்ன குரல் எல்லாம் ஞாபகம் வந்தது. நடு மடிப்பில், புட்டி கழுவுகிற பிரஷ்ஷைக் குட்டியாகச் செய்து விட்ட மாதிரி, மயிர் முளைத்த புழுக்கள். பக்கத்தில் அவை கழற்றிப் போட்ட தோல். இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். நூல் பிசிறு என்று ஊதிவிட்டிருக்கிறேன். பிறந்ததிலிருந்து பிசிறையே பார்த்த கண்ணுக்கு எல்லாம் பிசிறுதான்.

எல்லாவற்றையும் கொல்லையில் போட்டுக் கொளுத்தினேன். முடி பொசுங்குகிற நாற்றம். சுத்தப் பட்டா என்று பார்க்க நூலைக் கொளுத்தினால் வருமே, அதே நாற்றம். எதிர்வீட்டில் போய்த் தொட்டிகளைத் திருப்பிக் கேட்டேன். முல்லையைத் தந்தார்கள். ரோஜா காய்ந்துவிட்டதாம்.

கைகழுவிவிட்டுத் தனத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஓட்டையான புடவை அவள் மடியில் இருந்தது. கரையும் உடலும் சேருகிற இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். கோர்வை மட்டும் அங்கங்கே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

"தனம், என் சால்வைலருந்து வந்ததுதான்" என்றேன்.

"ம்" என்றாள்.

எத்தனை வருஷம் கேட்ட "ம்". அது தடித்ததா, மூச்சு வாங்கியதா என்று இப்போது எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஐயம்பேட்டை அறை இடிந்து அங்கே செல்போன் கடை வந்துவிட்டது. பாய் போய்விட்டார். "யாரு நெய்ஞ்சது?" என்று அவர் கேட்டதற்குச் சரியான பதிலை இனி யாரிடம் போய்ச் சொல்ல?

அதனால் உங்களிடம் சொல்கிறேன். அடுத்த மாதமும் ஒரு விழாவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் கட்டினது, வாங்கினது எல்லாம் மைக்கில் படிப்பார்கள், படிக்கட்டும். கோர்வையில் பாதி தனம் போட்டது என்றும் படிக்கணும். அந்த மாம்பழப் புடவையின் ஓட்டைகளில் மட்டும் அவளுக்கும் பங்கில்லை, பூச்சிக்கும் பங்கில்லை. அது முழுக்க நான் தனியாகச் செய்த வேலை. அதை என் பேரில் சேர்த்துப் படிக்கணும். இல்லையென்றால் மேடை ஏற மாட்டேன்.